கோட்டு போட்ட தாதா, சிரிக்கும் அரங்கு

2016 ஜூலை 22 அன்று ‘கபாலி’ வெளியானபோது, சென்னையில் பார்த்தவரும் பெட்டாலிங் ஜெயாவில் பார்த்தவரும் ஒரே முடிவைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுப் பிரதி ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிறது. குண்டு யார்மேல் பாய்ந்தது, கபாலி பிழைத்தாரா என்பதை இயக்குநர் பா. இரஞ்சித் பார்வையாளரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார். மலேசியப் பிரதியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று திரையில் எழுத்து வந்துவிடுகிறது. குற்றவாளி சட்டத்துக்குத் தப்பிவிட்டான் என்ற எண்ணத்தோடு யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பது தணிக்கையின் கணக்கு.

எழுந்து போனவர்கள் மனத்தில் எது தங்கியது? இரண்டரை மணி நேரம் கோட்டும் சூட்டும் குளிர்கண்ணாடியுமாக ரஜினிகாந்த் நடந்த நடையா, சில வினாடி வந்துபோன அந்த எழுத்தா? விடை எல்லோருக்கும் தெரியும். தாதா படத்தின் வேலை முடிவில் நடப்பதில்லை. கதாநாயகன் காரிலிருந்து முதல் காலை வெளியே வைக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடும் இன்னொரு வகைப் படம் தமிழில் உண்டு. ‘சூது கவ்வும்’, ‘ஜிகர்தண்டா’, ‘நானும் ரவுடிதான்’ எனக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. மிடுக்கான உடை, யோசித்து வைத்த ஒளி, காதில் நிற்கும் இசை என்று தாதா படத்தின் அத்தனை சரக்கும் அதில் இருக்கும். கூடவே அரங்கம் வயிறு குலுங்கச் சிரிக்கும். குண்டர் கும்பல் என்பது பத்திரிகைச் செய்தி மட்டுமல்ல, பக்கத்து அடுக்குமாடியின் நடப்பும்தான் என்றிருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், இந்தப் படங்களின் ஈர்ப்பை விளங்கிக்கொள்வது பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல. குற்றத்தை இந்தப் படங்கள் லேசாக்கிவிடுகின்றன என்பது பொதுவான புகார். நல்ல தாதா நகைச்சுவைப் படம் செய்வது வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அது மிடுக்கை ரசிக்க விடுகிறது. ரசித்துக்கொண்டிருக்கும்போதே, அது ஒரு வேடம் என்பதையும் காட்டிவிடுகிறது.

கள்வருக்குரிய மெய்ப்பாடு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நான்கு களங்களைச் சொல்லும்போது கள்வரையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பெருமிதத்துக்கு அது வேறு நான்கு சொல்கிறது: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நகைக்குச் சொல்லும் நான்கில் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பழைய கணக்கின்படி, கள்வனைக் கண்டால் அஞ்ச வேண்டும். பெருமிதம் அரசனுக்கும் வீரனுக்கும் உரியது.

தாதா படம் இந்த வரிசையை மாற்றி வைத்தது. அச்சத்தின் களத்தில் இருந்தவனைத் தூக்கிப் பெருமிதத்தின் பீடத்தில் அமர்த்தியது. கபாலியைப் பாருங்கள். சிறையில் புத்தகம் படிக்கிறார், எதிரி வளையத்துக்குள் தனியாளாகப் போகிறார், ஊரே அவர் பெயர் சொல்கிறது, வழிதவறிய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறார். பெருமிதத்தின் நான்கு அடிப்படைகளும் ஒருவரிடமே கூடிவிடுகின்றன. இரஞ்சித் தொல்காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொல்ல வரவில்லை. இந்த நான்கும் கூடினால்தான் தமிழ்ப் பார்வையாளர் ஒருவனைத் தலைவனாக ஏற்பார் என்பது நம் கதை மரபிலேயே ஊறிக் கிடக்கிறது.

நகைச்சுவைப் படம் இன்னும் ஒரு அடி வைக்கிறது. அதே ஆளைப் பெருமிதத்தின் பீடத்தில் உட்கார வைத்த கையோடு, பீடத்தின் ஒரு காலைத் தட்டிவிடுகிறது. அஞ்ச வேண்டியவன், வியக்க வேண்டியவன், சிரிக்க வேண்டியவன் ஆகிய மூவரும் ஒரே உடம்பில் நிற்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நடுவே பார்வையாளரின் மனம் ஆடும் ஆட்டத்தில்தான் இந்த வகைப் படத்தின் சுவை பிறக்கிறது.

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் வார்ஷோ 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், திரையில் வரும் தாதாவைத் துன்பியல் நாயகன் என்றார். நகரத்தில் வாழ்பவன் தனித்து மேலே வர ஆசைப்படுகிறான். அப்படி வந்தவன் வீழ்த்தப்படுவான் என்ற பயமும் அவனுக்கு உண்டு. திரையில் ஒருவன் நமக்காக ஏறி, நமக்காகச் சாகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். நகைச்சுவைத் தாதா சாவதில்லை. மானம் போய், உடை கசங்கி, மறுநாள் காலை மறுபடி எழுந்து வருகிறான். துன்பியல் நாயகனின் சாவு நமக்கு ஆறுதல் தருகிறது என்றால், இவன் சாகாமல் அசடு வழிவது தெளிவைத் தருகிறது.

கோட்டு வந்த வழி

திரைத் தாதாவின் உடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட் எடுத்த தாதா படங்களில், குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை முதலில் வாங்குவது நல்ல சூட்டு. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ஸ்கார்ஃபேஸ்’ 1932இல் வந்தபோது, தணிக்கையாளர்கள் அதைப் பார்த்துப் பதறினார்கள். படத்தின் பெயரோடு தேசத்தின் அவமானம் என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பு சேர்க்கப்பட்டது. நாயகன் கைதாகித் தூக்கில் தொங்கும் மாற்று முடிவும் படமாக்கப்பட்டது. ‘கபாலி’க்கு 84 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. ‘ஸ்கார்ஃபேஸ்’ இன்றும் நினைக்கப்படுவது அந்தத் துணைத்தலைப்புக்காக அல்ல.

தமிழுக்குக் கோட்டு வந்தது இந்தி வழியாக. 1978இல் வந்த ‘டான்’ 1980இல் ரஜினிகாந்த் நடிப்பில் ‘பில்லா’ ஆனது. விஷ்ணுவர்தன் அதை 2007இல் அஜித்தை வைத்து மறுபடி எடுத்தபோது களத்தை மலேசியாவுக்கு மாற்றினார். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு, அனு வர்தனின் உடையமைப்பு, யுவன்சங்கர் ராஜாவின் இசை மூன்றும் சேர்ந்து கோலாலம்பூரைக் கண்ணாடியும் எஃகுமான தாதா நகரமாக்கின. பத்துமலையில் முருகன் சிலையின் காலடியில் எடுத்த பாடலைத் தவிர்த்துவிட்டால், இந்த நாட்டில் தமிழர் வாழ்கிறார்கள் என்ற சுவடே அந்தப் படத்தில் குறைவு. இருந்தாலும் இங்குள்ள இளைஞர்கள் அதைத் தங்கள் படமாகக் கொண்டாடினார்கள். தாம் தினமும் பைக்கில் போகும் சாலையில் அஜித் நடந்ததே போதுமானதாக இருந்தது.

இந்த வரவு ஒருவழிப் பாதையும் அல்ல. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு 2006இல் மலேசியாவிலிருந்து வந்து தமிழ் ராப்புக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. சென்னைத் திரைத் தெருவின் முறுக்கில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

ரப்பர் தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

பெட்டாலிங் ஜெயாவே ரப்பர் தோட்டத்தின்மேல் எழுந்த நகரம். 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் அது உருவாக்கப்பட்டது. 2006இல் மாநகரத் தகுதி பெற்றது. ஒரு பக்கம் காசிங் மலைச்சரிவின் பங்களாக்கள். மறுபக்கம் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்குக் குடியிருப்புகளும், பிற்பாடு அவற்றின் இடத்தில் வந்த மலிவு விலை அடுக்குமாடிகளும். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர். அந்த இடமும் பெட்டாலிங் ஜெயாவில்தான் இருக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபோது, லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களுக்கு வந்தன. தோட்டத்தில் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஆள் இருந்தார்கள். நகரத்தின் எட்டாவது மாடியில் அது எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில் பிள்ளைக்குப் பெயரும் பாதுகாப்பும் கைச்செலவுக்குப் பணமும் தர முன்வந்தது குண்டர் கும்பல்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்கள் 40,313 பேர் என்றும், அவர்களுள் 28,926 பேர் இந்தியர் என்றும் கணக்குச் சொன்னது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு விழுக்காடாக உள்ள சமூகத்தின் பங்கு, கும்பல் கணக்கில் 70 விழுக்காட்டைத் தாண்டியது. எண்ணிக்கை மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாது என்றாலும், அந்தச் செய்தி வந்த நாளில் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் விழுந்த மௌனம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

பட்டியலில் இருந்த பெயர்களில் பல, 04, 08, 36 போன்ற எண்கள். சீன இரகசியச் சங்கங்களின் மரபிலிருந்து வந்த பழக்கம் அது. இரஞ்சித்தும் தம் படத்தில் எதிரிக் கும்பலுக்கு 43 என்ற எண்ணையே சூட்டினார். அந்த எண் பனியனில் அச்சாகும், கொடியில் ஏறும், பச்சை குத்தப்படும். கும்பல் சின்னத்தோடு இறுதி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் திரிந்தவர்கள்மேல் காவல்துறை நடவடிக்கை எடுத்த செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஆக, நிஜக் கும்பலும் ஆள் சேர்ப்பதற்கு உடையையும் கொடியையும் ஊர்வலத்தையுமே நம்புகிறது. பதினைந்து வயதுப் பையனை இழுப்பது கொள்ளைப் பணத்தின் கணக்கல்ல. பத்து பைக் பின்தொடர ஒருவன் வருகிறான், தேநீர்க் கடையில் எல்லோரும் நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறார்கள் என்ற காட்சிதான் அவனை இழுக்கிறது. அந்தக் காட்சியின் இயக்குநர் யாரென்று தேடினால், சினிமாவில் போய்த்தான் நிற்போம்.

ஜீப்பில் ஏற்றச் சொன்னவன்

இந்த மிடுக்கைத் தமிழில் முதலில் கலைத்துப் போட்டது புதிய அலை இயக்குநர்கள் அல்ல, வடிவேலு. சுந்தர் சி. இயக்கிய ‘வின்னர்’ (2003) படத்தில் வரும் கைப்புள்ள ஒரு சங்கத்தின் தலைவன். போகும் இடமெல்லாம் அடி வாங்குவான். திரும்பி வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தம்பிகளுக்கு வீரம் போதிப்பான். தலைவனின் உடல்மொழி அத்தனையும் அவனிடம் உண்டு. தலைவனின் பலம் மட்டும் இல்லை. பலத்தைக் கழித்துவிட்டால் மிடுக்கு எப்படி இருக்கும் என்பதை வடிவேலு தம் உடம்பில் காட்டினார்.

‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகர் இன்னும் நுட்பமானவன். ரவுடிகளைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருக்கும் காவலர்கள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. தன்னையும் ரவுடிக் கணக்கில் சேர்த்து வண்டியில் ஏற்றச் சொல்லி அவன் ஊரறிய மல்லுக்கு நிற்கிறான். காவலர் பிடித்துக்கொண்டு போனால்தான் தெருவில் மதிப்பு என்ற கணக்கு அந்த ஒரு காட்சியில் அம்பலமாகிறது. சமூகவியலாளர் பல பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்லிவிட்டது. சிறைக்குப் போய்வந்ததைப் பட்டம்போல் சொல்லிக்கொள்ளும் இளைஞர்களைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியின் கூர்மை இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தக் காட்சியில் அவன் சொல்லும் ‘நானும் ரவுடிதான்’ என்ற வசனமே ஒன்பது ஆண்டு கழித்து ஒரு படத்தின் பெயரானது. விக்னேஷ் சிவனின் ‘நானும் ரவுடிதான்’ (2015) நாயகன் பாண்டி, புதுச்சேரியில் ஒரு பெண் காவல் அதிகாரியின் மகன். ரவுடி வேடம் போட்டுக்கொண்டு திரிகிறவனிடம் நிஜமாகவே ஒருவனைக் கொல்லும் வேலை வந்து சேர்கிறது. கத்தி எப்படிப் பிடிப்பது என்பதே தெரியாதவனின் திண்டாட்டம்தான் முழுப் படமும். அடிதடிப் படங்களில் ஒரு வெட்டில் முடிகிற காரியம், நிஜக் கைகளுக்கு எவ்வளவு அருவருப்பானது, எவ்வளவு கடினமானது என்பதைச் சிரிக்க வைத்தே அது உணர்த்துகிறது.

நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) இதே கருவை வேலையின்மையோடு சேர்த்துப் பின்னியது. ஒருவன் கணினி நிறுவன வேலையை இழந்தவன். ஒருவன் கார் நிறுத்திக் கொடுக்கும் வேலையை இழந்தவன். இன்னொருவன் நடிகைக்குக் கோயில் கட்டியதால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன். இவர்களுக்கு வாய்த்த தலைவன் தாஸ், இல்லாத காதலியோடு பேசிக்கொண்டு திரிகிறவன். ஆள் கடத்துவதற்கு ஐந்து விதிகள் வைத்திருக்கிறான். அவற்றுள் முதன்மையானது, அதிகாரம் உள்ளவர்மேல் கை வைக்கக்கூடாது என்பது. அலுவலக நடைமுறைக் கையேடுபோல் குற்றத்துக்கும் ஒரு கையேடு. அவர்களைத் தீர்த்துக்கட்ட வரும் முரட்டு அதிகாரி பிரம்மா, கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கி இடுப்பிலேயே வெடித்துத் தானே காயப்படுகிறார். துப்பாக்கி என்னும் புனிதப் பொருளைத் தமிழ்ச் சினிமா இவ்வளவு கேவலப்படுத்தியது அபூர்வம்.

மதுரையில் ஒரு நடிப்புப் பள்ளி

இந்த வகையின் உச்சம் என்று நான் கருதுவது கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’ (2014). தாதா படம் எடுக்க ஆசைப்படும் இளம் இயக்குநர் (சித்தார்த்), நிஜத் தாதா ஒருவனைப் பின்தொடர்ந்து படிக்க மதுரைக்குப் போகிறான். அசால்ட் சேது (பாபி சிம்ஹா) முதல் பாதியில் உண்மையாகவே அச்சம் தருகிறவன். ஒளியும் இசையும் அவனைக் கம்பீரமாகத்தான் காட்டுகின்றன. இடைவேளைக்குப் பிறகு, அந்தப் படத்தில் நானே நாயகன் என்று சேது சொல்லிவிடுகிறான். நடிக்கத் தெரியாதவனுக்கு நடிப்புப் பயிற்சியாளர் (குரு சோமசுந்தரம்) அமர்த்தப்படுகிறார்.

பயிற்சிக் காட்சிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊரை நடுங்க வைத்தவர்கள் வரிசையாக நின்று சொன்னபடி அழுகிறார்கள், சொன்னபடி சிரிக்கிறார்கள். பயமுறுத்துவது சேதுவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேமரா முன்னால் அதையே செய்யச் சொன்னால் வரவில்லை. அதுவரை அவன் செய்ததும் ஒருவகை நடிப்புத்தான், பார்த்தவர்களின் பயம்தான் அதை நம்ப வைத்தது என்பது படம் சொல்லாமல் சொல்லும் செய்தி. இயக்குநன் அவனை வைத்து எடுக்கும் படம் வெளியாகும்போது, அதன் பெயரில் உள்ள ‘அ.’ என்பதன் விரிவு அசால்ட் அல்ல, அழுகுணி என்று தெரியவருகிறது. அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. வெகுண்டு கொல்லக் கிளம்பும் சேதுவை, தன்னைக் கண்டு ஒதுங்காமல் நெருங்கி வந்து சிரிக்கும் மக்கள் தடுத்துவிடுகிறார்கள். அச்சம் தராத உறவை அவன் முதன்முறையாகச் சுவைக்கிறான்.

படம் அதோடு நிற்கவில்லை. சேது திருந்திக்கொண்டிருக்க, இயக்குநன் மெல்ல மெல்லத் தாதாவின் தோரணைக்கு மாறிவிடுகிறான். மிடுக்கு ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குத் தாவுகிறது. தாவ உதவியது சினிமா. பாபி சிம்ஹாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும், விவேக் ஹர்ஷனுக்குப் படத்தொகுப்புக்கான தேசிய விருதும் கிடைத்தன. இரண்டும் பொருத்தமான விருதுகள். அச்சத்திலிருந்து நகைக்கு மாறும் அந்த நொடி, நடிகரின் முகத்திலும் தொகுப்பாளரின் வெட்டிலும்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சிரிப்பு

மலேசியத் தமிழர் தமிழ்ப் படம் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். ஹாங்காங் படங்களும் மலாய்ப் படங்களும் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியவையே. ஸ்டீஃபன் சௌவின் ‘குங்ஃபூ ஹஸல்’ (2004) படத்தில் கோடரிக் கும்பல் கறுப்பு உடையும் உயரத் தொப்பியுமாக வரிசையில் நின்று நடனமாடும். கொலையும் நடனமும் ஒரே சீருடையில் நடப்பதைப் பார்த்த பிறகு அந்தச் சீருடையை முழு மரியாதையோடு பார்க்க முடியாது. அந்தக் கும்பலின் பெயரைச் சொல்லி ஒரு ஏழைக் குடியிருப்பை மிரட்டப் போய் மாட்டிக்கொள்ளும் நாயகன், நம் பாண்டிக்கு அண்ணன்.

மலாய்ச் சினிமாவில் சியாம்சுல் யூசோஃபின் ‘கேஎல் கேங்ஸ்டர்’ 2011இல் பெரும் வசூல் கண்டது. அதன் துணைப்பாத்திரங்களில் ஒன்றான ஃபாடில், 2014இல் தனிப் படத்தின் நாயகனானான். ‘அபாங் லோங் ஃபாடில்’ படத்தில் நகைச்சுவை நடிகர் ஸிஸான் ரஸாக் நடித்த அந்தப் பாத்திரம், பெரிய தாதாவாகக் கனவு காணும் சின்ன ஆள். 2017இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு கோடியே 80 லட்சம் வெள்ளி அளவுக்கு வசூலித்தது; 2022இல் மூன்றாம் பாகமும் வந்தது. மூலப்படத்தின் முறுக்கு நாயகனைவிட, அவன் நிழலில் நின்ற அசட்டு ஆளுக்கே ஆயுள் நீண்டது. நகரத்து உழைக்கும் மக்கள் தங்களை எங்கே அடையாளம் காண்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு வகைச் சிரிப்பு

நகைச்சுவை என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடுமா? ஆகாது. சிரிப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வேடத்தின் தையலைப் பிரித்துக் காட்டுவது. மற்றொன்று வேடத்துக்கு ஜரிகை வைத்துக் கொடுப்பது.

நெல்சனின் படங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ‘கோலமாவு கோகிலா’ (2018) படத்தில் போதைப்பொருள் கடத்தும் கும்பலின் நடுவே பயந்த முகத்தோடு ஒரு நடுத்தர வீட்டுப் பெண் நிற்கிறாள். தாயின் மருத்துவச் செலவு அவளை அங்கே கொண்டுவந்தது. முரடர்களின் முட்டாள்தனம்மேல் விழும் சிரிப்பு சரியான இடத்தில் விழுகிறது. ‘ஜெயிலர்’ (2023) படத்துக்கு வரும்போது, யோகி பாபுவோடு நடக்கும் வேடிக்கையும் தலை துண்டாகும் வன்முறையும் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே நாயகனின் மிடுக்கைச் சிரிப்பு தொடுவதே இல்லை. அடுத்த வெட்டுக்கு அரங்கைத் தயார்செய்யும் இளைப்பாறலாக மட்டுமே அது வேலை செய்கிறது. இரண்டும் ரசிக்கத்தக்க படங்கள்தாம். ஆனால் ஒன்றைப் பார்த்து எழும் பையனின் நடை மாறாது. மற்றதைப் பார்த்து எழும் பையன் அரங்கின் வாசலிலேயே தோளைக் கொஞ்சம் அகட்டி நடப்பான்.

கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கபாலியின் கோட்டு வெற்று அலங்காரம் அல்ல. தோட்டத்துக் கூலியின் மகன் எதிரே உட்கார்ந்து சமமாகப் பேசுவதன் அடையாளமாகவே அந்தப் படம் அதைப் பேசியது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்ற சமூகத்துக்கு நிமிர்ந்து நடக்கும் ஓர் உருவம் தேவைப்பட்டது. மலேசிய அரங்குகளில் எழுந்த ஆரவாரத்தில் அந்தத் தேவையும் கலந்திருந்தது. அதை எள்ளும் நகைச்சுவை வெறும் மேட்டிமை. ஆகவே ஒரு தாதா நகைச்சுவைப் படத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி இதுதான்: சிரிப்பு யார்மேல் விழுகிறது? எடுபிடிப் பையனின் கறுப்பு நிறத்தின்மேலும் அவன் பேசும் கொச்சையின்மேலும் விழுந்தால், அது பழைய சாதிச் சிரிப்பு. அவனை ஏவிவிட்டுக் காரில் சாய்ந்திருப்பவன்மேல் விழுந்தால், அது பயனுள்ள சிரிப்பு.

இங்கே எடுக்க வேண்டிய படம்

மலேசியத் தமிழ்ச் சினிமா இந்தக் களத்தைத் தொடாமல் இல்லை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) 1990களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பம் ஒன்று; அப்போய் என்ற சிறுவன்; பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்பதற்காகவே கைநீட்டும் தந்தை மணியம். தந்தையின் சகோதரர்களில் ஒருவர் போதையில் சிதைந்தவர். இன்னொருவர் மெக்சிகோ என்ற பெயரில் திரியும் கும்பல்காரர். பள்ளியிலும் வீட்டிலும் இடம் கிடைக்காத பையனின் கண்ணுக்குச் சினிமா நாயகனும் மெக்சிகோவும் ஒரே வெளிச்சத்தில் தெரிகிறார்கள். அவன் எதைக் கண்டு எங்கே போகிறான் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் காட்டியதால், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கும் முயற்சிக்கு எழுந்த எதிர்ப்பின் பின்னணியில் வந்த விருது அது.

‘ஜகாட்’ அந்தச் சிறுவனின் பக்கத்தில் நின்று அழ வைத்தது. இனி அந்தத் தலைவனின் எதிரே நின்று சிரிக்க வைக்கும் படம் வேண்டும். அதற்கான சரக்கு இங்கே கொட்டிக் கிடக்கிறது. மாமாக் கடையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தே தாரிக் ஆறும்வரை நடக்கும் சமரசப் பேச்சுகள் இருக்கின்றன. எண் பொறித்த பனியனைத் துவைத்துக் காயப்போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் மாதத் தவணை கட்ட முடியாத வட்டாரத் தலைவர்களும் இருக்கிறார்கள். மூன்று மொழியில் மிரட்டி மூன்றிலும் தடுமாறும் நாக்கு இந்த ஊருக்கே உரியது. மதுரைத் தாதாவையும் சென்னைத் தாதாவையும் பார்த்துச் சிரிப்பவர்கள், தங்கள் தெருவின் தாதாவைத் திரையில் பார்த்து இன்னும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

அதற்குத் தடைகள் உண்டு. உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்குக் கிடைக்கும் திரையரங்கும் காட்சி நேரமும் சொற்பம். முதலீடு அதைவிடச் சொற்பம். கும்பல் கதை என்றாலே சமூகத்துக்குக் கெட்ட பெயர் என்று பதறும் பெரியவர்களும் உண்டு. கெட்ட பெயர் 2013 ஆகஸ்டிலேயே எண்களாக அச்சாகிவிட்டது. ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை. தணிக்கையாளர்கள் படத்தின் முடிவை மட்டும் நிறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் சிரிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். திரைப்பட நிதி வழங்கும் அமைப்புகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் இளம் எழுத்தாளர்களிடம் இந்த வகைக் கதைகளைக் கேட்டு வாங்கட்டும். இந்தப் படத்தைச் சென்னையால் எடுக்க முடியாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் அந்தத் தலைவர்களுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள்தாம் எடுக்க முடியும். எடுக்கும் கடமையும் அவர்களுடையதே.